இடித்த வீட்டு மரமா, புதுத் தேக்கா, பிளைவுட்டா?

வீட்டுக்கு வேண்டிய மேசை, கட்டில், அலமாரி போன்றவற்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. இடித்த வீடுகளிலிருந்து கழற்றிய பழைய மரம் ஒன்று. மரவாடியில் அறுத்து விற்கும் புதுத் தேக்கு மற்றொன்று. பிளைவுட் பலகை மூன்றாவது. பழைய மரத்தைத் தேடுபவர்களில் பலர் அது மலிவாக முடியும் என்று நம்பியே தேடுகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

5 அடி நீளமும் 2½ அடி அகலமும் உள்ள சாப்பாட்டு மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலக் கனத்தில் மேற்பலகைக்கு ஏறத்தாழ 1.04 கன அடியும், 3 அங்குலச் சதுரத்தில் 2½ அடி உயரமுள்ள நான்கு கால்களுக்கு 0.63 கன அடியும், கால்களை இணைக்கும் 4 அங்குல அகலச் சட்டங்களுக்கு 0.36 கன அடியும் சேர்ந்து, முடிந்த மேசையில் 2 கன அடி மரம் நிற்கும். புதுத் தேக்கில் செய்தால் இழைப்பிலும் அறுப்பிலும் போகும் கழிவைச் சேர்த்து 2½ கன அடி வாங்கினால் போதும். பழைய மரத்திலோ ஆணித் துளை, வெடிப்பு, உளுத்த ஓரம், உத்திரத்தில் செருகியிருந்த முனை என்று வெட்டித் தள்ள வேண்டியது மிகுதி என்பதால், 3½ கன அடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். 8 அடி நீளமுள்ள 4×3 அங்குலக் கட்டை ஒன்றில் இருப்பது 0.67 கன அடிதான். ஆகவே ஆறு கட்டைகள் தேவைப்படும். ஆணி பிடுங்கும் கூலியும், ஒளிந்திருக்கும் ஒரே ஓர் ஆணியால் ரம்பப் பட்டை பாழாகும் என்று அஞ்சும் அறுவை மில்காரர் கூடுதலாகக் கேட்கும் கூலியும் இதற்குமேல் வரும். கன அடி விலையில் கிடைத்த இலாபத்தில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடும். மலிவுக்காக மட்டும் பழைய மரத்தை நாட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதை நாட வேண்டிய காரணம் வேறு. தேக்கின் சிறப்பெல்லாம் அதன் சேகில், அதாவது மரத்தின் நடுவே முதிர்ந்து நிறம் கூடிய உட்பகுதியில் இருக்கிறது. கரையானை அண்டவிடாத இயற்கைச் சத்துகளும் எண்ணெய்ப் பசையும் சேகில்தான் உண்டு. வெளியே வெளிறிக் கிடக்கும் வெள்ளைப் பகுதியில் அவை இல்லை. செட்டிநாட்டு வீடுகளுக்காக நகரத்தார் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை காட்டில் நின்று முதிர்ந்த பெருமரங்கள் என்பதால், அவற்றின் தூணிலும் உத்திரத்திலும் வெள்ளை மிகவும் குறைவு. அந்த வீடுகளைப் பிரித்தெடுத்த தூண்களும் கதவுகளும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இன்று மரவாடிக்கு வரும் தேக்கில் கானா, ஈக்குவடார் போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கும் உண்டு. தோட்டத்தில் வேகமாக வளர்ந்த தேக்கு வலுவற்றது என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. குறை அதன் வேகத்தில் இல்லை. இளமையிலேயே வெட்டப்படுவதால் சேகின் பங்கு குறைந்து வெள்ளை கூடிவிடுவதில்தான் இருக்கிறது. எனவே புதுத் தேக்கு வாங்குபவர் கட்டையின் முனையைப் பார்த்து, வெள்ளையின் அளவைக் கணித்த பிறகே விலை பேச வேண்டும்.

பழைய மரமெல்லாம் தேக்கு என்று எண்ணுவதும் தவறு. ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கும் சாய்ந்த சட்டங்களான கைமரங்களில் வேம்பும் பனையும் பூவரசும் வேங்கையும் இலுப்பையும் கலந்தே இருக்கும். கறுத்துப்போன மேற்பரப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது; ஓரிடத்தில் இழைப்புளியை ஓடவிட்டு, நிறம், மணம், கைக்குத் தட்டுப்படும் வழவழப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடுவது வேங்கை. வேங்கை கிடைத்தால் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். கட்டிலுக்கு அது மிக நல்ல மரம். பனஞ்சட்டம் உத்திரமாக நூறாண்டு நிற்கும், ஆனால் அதன் நார் சிலும்பும் என்பதால் மேசைப் பலகைக்கு ஆகாது.

கட்டையைத் தட்டும்போது மாவு போன்ற மென்மையான தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அப்பகுதியை முழுவதும் செதுக்கி நீக்கிவிட்டு எஞ்சியதற்கு மருந்து பூசலாம். பழைய சாயத்தில் இன்னும் கவனம் தேவை. வீட்டுச் சாயத்தில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சைச் சன்னலையும் நீலக் கதவையும் உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் தீயால் சுட்டு உரிப்பதும் குழந்தைகள் உள்ள வீட்டில் அறவே கூடாது. ஈரமாக்கிச் சுரண்டுவதே சரி.

வேறு இடத்துப் பழைய மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகள் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஊறியவை. அது புற்றுநோய்க்கு இடமளிக்கும் பொருள் என்பதால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. துறைமுகத்தில் கழிக்கும் சரக்குப் பலகைச் சட்டங்களில் (பேலட்) எச்.டி. (HT) என்ற முத்திரை இருந்தால், மரத்தின் உட்புறம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையிட்டது; அதை விட்டுவிடலாம்.

பிளைவுட்டுக்கு வருவோம். மர வேலையை நேசிப்பவர்கள் அதை இகழ்ந்து பேசுவதுண்டு. நான் அப்படிப் பேச மாட்டேன். 7 அடி உயர அலமாரிக்குக் கதவு செய்யும்போது, பருவத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் கட்டைமரத்தைவிட, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய 8×4 அடிப் பலகையே நேராக நிற்கும். அறைக்குள் வைக்கும் அலமாரிக்கு ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதும், தண்ணீர் புழங்கும் சமையலறைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதும் பொருத்தம். ஆனால் அதன் ஓரத்தில் திருகாணி பிடிப்பது குறைவு. மேலேடு உரிந்தால் மீண்டும் இழைத்துப் புதுப்பிக்கவும் வழியில்லை. மேசை, கட்டில், பெஞ்சு, முக்காலி என்று பாரம் தாங்கும் உறுப்புகள் குட்டையாகவும் கனமாகவும் உள்ளவற்றில் பழைய மரத்துக்கு ஈடில்லை; அகன்ற பரப்பு வேண்டுமிடத்தில் பிளைவுட்டே மேல். ஒரே அளவில் எட்டு நாற்காலி வேண்டும் என்றால் புதுத் தேக்கை எடுப்பதே நல்லது. எட்டுக்கும் ஒத்த நிறமும் ஒத்த ரேகையும் பழைய குவியலில் தேறுவது அரிது.

பழைய மரத்தில் இறங்குபவர் வேலையின் வரிசையையும் மாற்ற வேண்டும். படம் வரைந்துவிட்டு மரம் தேடினால் கழிவு பெருகும். மரத்தைக் கண்டு, அறுத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து நிழலில் சில வாரம் அடுக்கி வைத்து, வளைய வேண்டியது வளைந்த பிறகு, எஞ்சிய நீளத்துக்கு ஏற்ப மேசையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். நூறாண்டு காய்ந்த உத்திரமாயினும் அறுத்தவுடன் உள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்து சற்றுத் திரும்பவே செய்யும். எங்கள் தாத்தா வீட்டுக் கட்டைகளை அவசரப்பட்டு அறுத்த வாரமே மேசையாகக் கூட்டச் சொன்னதால், கோடையில் நடுமூட்டு விரல்நுனி நுழையுமளவு விலகிற்று. மேற்பலகையைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

செதுக்கு வேலைப்பாடுள்ள கதவின் மேல் கண்ணாடி பதித்து மேசையாக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அதற்காகக் கதவு சுழலும் முளையான குடுமியை அறுத்து, நிலையை விறகுக்குத் தள்ளிவிடுகிறார்கள். முழுக் கதவும் நிலையும் சேதமின்றிக் கிடைத்தால், புது வீட்டுச் சுவரில் அந்த நிலையின் அளவுக்கு வாசல் விட்டு, கதவைக் கதவாகவே மாட்டிவிடலாம். மேசைக்கு வேலைப்பாடில்லாத கைமரமே போதும்.