கொழும்பு செட்டியார் தெருவில் தங்கம் சுத்தம் செய்யும் கடை: என் அனுபவம்

அம்மாவின் இரண்டு காப்பும் ஒரு அறுந்த சங்கிலியும் பத்து வருடமாக அலுமாரியில் கிடந்தன. உருக்கி மகளுக்கு ஏதாவது செய்வோம் என்று முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அழுக்கு, பற்றாசு கழித்தால் இரண்டேகால் பவுண்தான் அக்கா" என்றார். பற்றாசு என்றால் நகையை ஒட்டவைக்கும் கலப்பு உலோகம். நிறுத்தால் மூன்று பவுண், 24.10 கிராம். பேசாமல் வாங்கிக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நான் போன கடை செட்டியார் தெருவில் ஒரு ஒடுக்கமான மாடிப்படிக்கு மேலே. பெயர்ப்பலகைகூட இல்லை. ஆனால் எல்லாம் கண் முன்னால் நடக்கிறது. நகையை வெட்டி, வெண்காரம் தூவி, மூசை என்ற உருக்கும் கிண்ணத்தில் உருக்கினார்கள். கட்டி 23.62 கிராம். தரம் பார்க்கும் மெஷினில் வைத்தால் 88.5 சதவீதம் தங்கம். 22 கரட் என்றால் 91.6 வரவேண்டும், அந்தக் காலத்துத் தட்டார் பற்றாசில் கஞ்சத்தனம் பார்க்கவில்லைபோல.

அடுத்து அங்கே வேலை செய்த தம்பி 60 கிராம் செம்பை எடுத்து அந்தக் கட்டியோடு மூசையில் போட்டார். எனக்குப் பகீரென்றது. "சுத்தம் செய்யத் தந்தால் கலக்கிறீங்களே தம்பி?" சிரித்தார். தங்கம் கால் பங்காகக் குறைந்தால்தான் அமிலம் உள்வரை இறங்குமாம். இல்லாவிட்டால் தங்கமே மற்றதை மூடிக் காத்துக்கொள்ளும். 27 வருடம் இரசாயனம் படிப்பித்தவள் நான். இதைக் கரும்பலகையில் ஒருநாளும் எழுதியதில்லை.

உருகியதைத் தண்ணீரில் ஊற்றினால் மணிமணியாக விழுகிறது. அதை நைத்திரிக்கமிலத்தில் போட்டதும் செங்கபில நிறப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. செம்பும் வெள்ளியும் கரைந்து திரவம் பச்சை நீலமானது. அடியில் மிஞ்சியது கோப்பித்தூள் மாதிரி ஒரு பொடி. இதுவா என் அம்மாவின் காப்பு? கழுவி, காயவைத்து, திரும்ப உருக்கியபோதுதான் மஞ்சள் வந்தது. 20.84 கிராம். 22 கரட் கணக்கில் 2.84 பவுண்! ஒரு டன் பாறைக்குச் சில கிராம் கிடைத்தாலே நல்ல சுரங்கம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் என் அலுமாரியில் சில டன் பாறை இருந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மூன்று மணித்தியாலம் நின்றேன், ஒரு கதிரை கிடையாது. புகை இழுக்கும் விசிறிக்கு வயதாகிவிட்டது. அந்தத் தம்பி வாயில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தார், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பில் என்று தந்தது ஒரு துண்டுக் கடதாசி. கரைசலுக்குள் செப்புத் தகடு போட்டால் வெள்ளி படியும், அது எனக்குத் தெரியும், அந்த வெள்ளியைக் கேட்டேன். "அது கூலியோட சேர்த்தி, டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பழைய சேலை கட்டிக்கொண்டு. எனது இன்னும் மணக்கிறது.