ஒன்லைன் உளச் சிகிச்சை என்று 85,000 ரூபாவை விழுங்கிவிட்டார்கள்

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தர்மபுரம் பக்கம் உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள். கொதிப்பு அடங்குமுன் எழுதுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் தங்கைக்கு எண்ணச் சுழற்சி நோய் (OCD): வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வரும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். கிணற்றடிக்குப் போனால் திரும்பமாட்டாள். தோல் வெடித்து இரத்தம் கசியும்வரை கை கழுவுவாள். "அண்ணா, இப்போது சுத்தம்தானே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஊரில் நேர்த்தி வைக்கச் சொன்னார்கள், நூல் கட்டச் சொன்னார்கள். நோயின் பெயரைச் சொன்னது முகநூல் விளம்பரத்தில் வந்த ஓர் ஒன்லைன் ஆலோசனை நிலையம் மட்டும்தான்.

அந்த நிலையத்து மனிதர் தொலைபேசியில் பேசிய பேச்சு! "தங்கச்சிக்குப் பைத்தியம் இல்லை தம்பி. அவர் பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்குவோம். சின்னப் பயத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதற்குப் போவோம். கழுவாவிட்டாலும் பதற்றம் தானாக இறங்கும் என்பது அவருக்கே விளங்கும்." அம்மா பக்கத்திலிருந்து கேட்டு அழுதுவிட்டார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பிறகு தேடி வாசித்தேன்: 1966 இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை அது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. 85,000 ரூபா, அவ்வளவும் முற்பணம்.

வந்தது என்ன? மூச்சுப் பயிற்சி ஒலிப்பதிவுகள். எண்ணம் வந்தால் மணிக்கட்டில் இறப்பர் பட்டியைச் சுண்டி "நிறுத்து" என்று சொல்ல வேண்டுமாம். அதைவிடக் கொடுமை, பயம் வந்தால் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாம், "ஒன்றும் ஆகாது" என்று பதில் வரும். இந்த நோய்க்குத் தீனியே அந்த ஆறுதல்தான்! கழுவுவது போதாதென்று, பதில் வரும்வரை கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஒருமுறையாவது வீடியோவில் கூட இருந்து கிணற்றுக் கயிற்றைத் தொடவைத்தார்களா? இல்லை.

கேட்டால் "சேர் வகுப்பில் இருக்கிறார்" என்றது ஒரு பெண்குரல். பிறகு "நோயாளியின் ஒத்துழைப்புப் போதாது." பிறகு "தொடங்கிய சிகிச்சைக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம், அடுத்த நிலைக்கு இன்னும் 40,000 கட்டுங்கள்." எங்கே படித்தீர்கள் என்று கேட்டதும் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். 85,000 ரூபா! அடகு வட்டி வேறு.

இப்போது பஸ் பிடித்து அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகிறோம். கட்டணம் இல்லை. மருந்து தொடங்கியிருக்கிறார்கள், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்றார் வைத்தியர். "சுத்தமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதை மெல்ல மெல்லக் குறைக்கும்படி எங்களுக்கும் வேலை தந்திருக்கிறார். அம்மா படும் பாடுதான் பெரிது.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. முழுத் தொகையையும் முதலிலேயே கேட்டால் கொடுக்காதீர்கள். தகைமையைக் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தினால் விலகுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் வங்கிச் சீட்டோடு எனக்கு எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.