நெஞ்சில் சீழ்: குழாயா, அறுவையா?

கிளினிக்கில் கொடுத்த நிமோனியா மருந்தை அப்பா ஒரு வாரம் முழுசாகச் சாப்பிட்டும், சாயங்காலமானால் நடுக்கம் எடுத்தது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். "பால்மரம் வெட்டின உடம்பு, தாங்கும்மா" என்று படுத்தே கிடந்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோதுதான் நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. ஊசியில் இழுத்தது மோர் மாதிரிக் கெட்டியாக வந்தது. மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இப்படிச் சீழ் கட்டிவிட்டால் கிருமிக்கொல்லி மருந்து மட்டும் போதாது, வடித்தே ஆகவேண்டும். விலா வழியாகக் குழாய் போட்டு வடிக்கலாம். அல்லது மயக்கம் கொடுத்து, சிறு துளை வழியாகக் கேமரா விட்டு அறுவையில் சுத்தம் செய்யலாம். எதைச் செய்தாலும் கிருமிக்கொல்லி சில வாரம் தொடரும்.

நாங்கள் குழாயைத்தான் எடுத்தோம். அப்பாவுக்கு 71 வயது, இனிப்புநீர் வேறு. முழு மயக்கம் கொடுக்க மனசு வரவில்லை. குழாய் வழியாக இரண்டு மருந்து செலுத்தினார்கள்: ஒன்று உள்ளே பின்னிக்கிடக்கும் வலையைக் கரைக்கும், மற்றது சீழை இளக்கும். 2011இல் வெளிவந்த ஆய்வில் இரண்டும் சேர்ந்தால்தான் பலன் தெரிந்தது. இவை கொடுக்காதவர்களில் 100க்கு 16 பேருக்கு அறுவை தேவைப்பட்ட இடத்தில், இரண்டும் கொடுத்தவர்களில் 4 பேருக்கே தேவைப்பட்டது. ரத்தப்போக்கு அபாயம் உண்டு, அதனால் ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் குழாய் போடுவதோடு வேலை முடிவதில்லை. மெல்லிய குழாய் சீழில் அடைத்துக்கொள்ளும். தாதி உப்புநீர் விட்டு அலசிக்கொண்டே இருக்க வேண்டும். சீழ் வடிந்து சேரும் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கணும். குழாயில் இருக்கும் நீர், மூச்சோடு ஏறி இறங்க வேண்டும். இரண்டாம் ராத்திரி அது அசையாமல் நின்றது. போர்வையைத் தூக்கினால், அப்பா இடுப்புக்கடியில் குழாய் மடிந்து கிடந்தது. தாதி அதை நேராக்கி அலசியதும், காலைக்குள் இன்னும் ஒரு கால் பாட்டில் வடிந்தது. பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் குழாய் வழி நல்ல வழி. அந்த ஆள் இல்லையென்றால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அறுவையைப் பக்கத்துக் கட்டிலில்தான் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இளைஞர், சீழ் பல அறைகளாகப் பிரிந்துபோயிருந்ததாம். மூன்றாம் நாளே நடந்தார். நாள் கடந்து நுரையீரல் மேல் தடித்த தோல் படர்ந்துவிட்டால் குழாயால் ஒன்றும் ஆகாது, அதை உரிக்க அறுவைதான். குழாய் போட்டு ஐந்தாறு நாளாகியும் காய்ச்சல் தணியாவிட்டால், அறுவை டாக்டரைப் பார்க்கத் தயங்கக் கூடாது.

அப்பாவின் குழாயை எட்டாம் நாள் எடுத்தார்கள். கடைசி எக்ஸ்ரேயில் வலது மூலை இன்னும் கொஞ்சம் மங்கல்தான். அடுத்த மாதம் மறுபடி எடுக்கப் போகிறோம்.