ஜர்னியின் ‘ரெவலேஷன்’: ஸ்டீவ் பெர்ரி திரும்பி வர வேண்டுமா?

பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரியை அமெரிக்க ராக் இசைக்குழுவான ஜர்னி மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நானும் பல வருடம் நினைத்தவன்தான். 2008-இல் வந்த ‘ரெவலேஷன்’ தொகுப்பை முழுசாகக் கேட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. இரண்டு சிடி, ஒரு டிவிடி. முதல் சிடியில் புதுப் பாடல்கள், அடுத்ததில் பெர்ரி காலத்து ஹிட் பாடல்களை ஆர்னெல் பினேடா திரும்பப் பாடியிருக்கிறார், டிவிடியில் லாஸ் வேகாஸ் கச்சேரி. மணிலாவில் பாடிக்கொண்டிருந்த இவரை யூடியூபில் பார்த்து, 2007-இல் குழுவுக்குக் கூட்டி வந்தவர் அதன் கிட்டார் கலைஞர் நீல் ஷான்.

நான் முதலில் போட்டது இரண்டாவது சிடியைத்தான். உச்ச ஸ்தாயியில் அசலுக்கு மிக அருகில் போகிறார். ஆனால் பெர்ரி ஒரு வார்த்தையை இழுத்து, லேசாகக் கரகரக்க விட்டு, அப்படியே இறக்குவாரே, அந்தக் குழைவு இதில் இல்லை. அதற்கு பெர்ரி பாடி 1981-இல் வந்த ‘எஸ்கேப்’ ஆல்பத்தைத்தான் கேட்க வேண்டும். புதுப் பாடல்களில் ஆர்னெல் யாரையும் பின்பற்றாமல் பாடுகிறார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, பெர்ரி வந்தால்? இடுப்பு எலும்புப் பிரச்சினையால் சுற்றுப்பயணம் தள்ளிப்போய், குழு காத்திருக்க முடியாமல் 1998-இல் பிரிந்தவர். 2017-இல் ஜர்னியைக் கௌரவித்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மேடைக்கு வந்தார், நன்றி சொன்னார், பாடவில்லை. 1949-இல் பிறந்த மனிதரிடம் போய் ‘எஸ்கேப்’ காலத்து 32 வயதுக் குரலைக் கேட்பது நியாயமே இல்லை. ஒரே ஒரு பாட்டுக்கு விருந்தாளியாக வந்தால் நான் அழுதுவிடுவேன், அது வேறு.

வாங்குவதானால் டிவிடி சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.