இரண்டாம் முறை முடி நடலாமா: சென்னையிலும் திருச்சியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டவை

முன்பக்கம் நட்ட முடி அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் இயற்கையாக இருந்த முடிதான் போய்க்கொண்டிருக்கிறது. நெற்றியோரம் அடர்த்தி, உச்சந்தலை வெட்டவெளி, நடுவில் மெலிந்துவரும் ஒரு பட்டை. முப்பதுகளில் முடி நடவு செய்துகொண்ட பலர் நாற்பதைத் தாண்டும்போது வந்து நிற்கும் இடம் இது. நானும் இப்போது அங்கேதான் நிற்கிறேன். பிடரியிலிருந்து எடுத்து நடும் முடி எங்கே நட்டாலும் பிடரியின் குணத்தோடுதான் இருக்கும் என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-லேயே எழுதிவிட்டார். அதனால்தான் நட்டது நிலைக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் இருக்கும் சொந்த முடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வழுக்கையை உண்டாக்கும் டி.ஹெச்.டி என்ற ஆண் ஹார்மோனால் அது ஆண்டுதோறும் மெலிந்துகொண்டே போகும்.

நான் இருக்கும் டொரண்டோவில் மறுபடி நடுவதற்குக் கேட்ட கட்டணம் கட்டுப்படியாகாததால், இந்தக் கோடை விடுமுறையில் ஊரில் விசாரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் பலர் கண், பல், முழு உடல் பரிசோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்வதால், நான் பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் போனது சென்னையில் பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனம். குளிரூட்டிய வரவேற்பறை, காபி, கனிவான பேச்சு எல்லாம் இருந்தன. என்னைப் பார்த்தவர் மருத்துவர் அல்லர். ஆலோசகர் என்ற அட்டையை மாட்டியிருந்த இளைஞர். தலையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "நான்காயிரம் கிராஃப்ட் வைத்தால் முழுவதும் மூடிவிடலாம் சார்" என்றார். கிராஃப்ட் என்பது வேரோடு எடுத்து நடும் ஒரு முடிக்கொத்து. பின்னந்தலையை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் முறையே 2,400 கிராஃப்ட் எடுத்தாகிவிட்டதே என்று கேட்டதற்கு, போதாவிட்டால் தாடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, ஊருக்குத் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதும் பேச்சில் வந்தது. சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி சேரவில்லை என்பது நானாகக் கேட்டபிறகுதான் தெரிந்தது. மருத்துவச் சேவைக்கு உள்ள வரிவிலக்கு முடி நடவுக்குக் கிடையாது. கட்டணத்தை ஒப்பிடும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அறுவையை யார் செய்வார் என்ற கேள்விக்கு, "எங்கள் குழு" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. 2016-ல் இதே சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் இதற்கான பயிற்சி ஆகாது, முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தலையில் ஊசி போடுபவர் யார், துளையிடுபவர் யார் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. பெயரையும் பதிவு எண்ணையும் எழுதித் தரத் தயங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

திருச்சியில் தில்லைநகர்ப் பக்கம் ஒரு தோல் மருத்துவரைப் பற்றி உறவினர் சொன்னார். மாடிப்படி ஏறிப் போகும் சிறிய கிளினிக். கட்டணம் ஐந்நூறு ரூபாய். அந்த அம்மா என் பின்னந்தலையிலிருந்துதான் தொடங்கினார். முடியைச் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, கணினியோடு இணைத்த ஒரு சிறு லென்ஸைத் தோலில் வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் கொத்தாக எழும்புவதும், நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளும் பெரிதாகத் தெரிந்தன. அந்தப் புள்ளிகள் முன்பு முடி எடுத்த தழும்புகள். இடது காதுக்குப் பின்னால் அவை நெருக்கமாக இருந்தன, வலது பக்கம் பரவலாக இருந்தன. எடுத்தவர்கள் ஒரே இடத்தில் அதிகம் தோண்டிவிட்டார்கள் என்றார். திரையிலேயே ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் இருக்கும் கொத்துகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். பல இடங்களில் இப்படி எண்ணி, தாளில் தலைப் படம் ஒன்று வரைந்து குறித்துக்கொண்டார். தடித்த முடி எத்தனை, மெலிந்தது எத்தனை என்றும் பிரித்து எழுதினார். பிடரி முடியே மெலியத் தொடங்கியிருந்தால் அதை எடுத்து நட்டும் பயனில்லை என்பதற்காக.

"நாற்றங்கால் காலியான பிறகு வயல் எவ்வளவு பெரிதாக இருந்தால்தான் என்ன சார்?" என்று கேட்டார். எடுத்த துளையில் மறுபடி முடி முளைக்காது. ஆயுளுக்கும் எடுக்கக்கூடியது ஓர் அளவுதான்.

உச்சந்தலை பற்றி அவர் சொன்னதுதான் என் முடிவை மாற்றியது. சுழி இருக்கும் இடத்தில் முடி எல்லாத் திசையிலும் விரிவதால் ஒன்றையொன்று மூடாது. நெற்றியில் வைப்பதைவிட அதிகம் வைத்தாலும் குறைவாகத்தான் தெரியும். அதைவிட முக்கியம், என் வழுக்கை இன்னும் நிற்கவில்லை. இன்று நடுவில் நட்டால், சில ஆண்டுகளில் சுற்றிலும் உதிர்ந்து, நட்ட பகுதி மட்டும் தீவாக நிற்கும். அதைச் சரிசெய்ய அப்போது பிடரியில் இருப்பும் இருக்காது. தாடி முடி தடிப்பானது, நடுவில் இட்டு நிரப்பலாமே தவிர அதை நம்பித் திட்டம் போடக் கூடாது என்றார்.

முதல் சிகிச்சையின்போது மாத்திரை பற்றி யாரும் என்னிடம் பேசியதே இல்லை. இவர் அரை மணி நேரம் பேசினார். டி.ஹெச்.டி அளவைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம், 1997 முதல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து. கூடவே முடி வளர்ச்சியைத் தூண்டும் மினாக்சிடில். ஃபினாஸ்டிரைடால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வு வரலாம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். புராஸ்டேட் சுரப்பிக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ இரத்தப் பரிசோதனையில் அளவை இந்த மாத்திரை ஏறக்குறைய பாதியாகக் காட்டும், அதனால் டொரண்டோவில் குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். மாத்திரை எடுக்கும் காலத்தில் இரத்த தானம் கூடாது என்பதையும் எழுதியே கொடுத்தார்.

வீட்டில் வேறொரு கவலை. பேத்திக்கு உடம்பு தேறியதற்காக அம்மா எனக்குச் சமயபுரத்தில் மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறார். "நட்ட முடியை மழித்தால் திரும்ப வருமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறிய தலையை மழிக்கலாம், வேர் உள்ளேதான் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் அம்மா முகம் தெளிந்தது. ஆனால் இன்னும் எடுத்தால், மொட்டை போடும்போது பின்னந்தலைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். நம் ஊரில் மொட்டை எந்த வயதிலும் வரக்கூடியது. முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சென்னை திரும்பி, அறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடமும் அந்தத் தாளைக் காட்டினேன். அவரும் உச்சியைத் தொட வேண்டாம் என்றார். ஓர் ஆண்டு மருந்துக்குப் பிறகு உதிர்வு நின்றிருந்தால், நெற்றிப் பட்டைக்குப் பின்னால் மட்டும் அதிகபட்சம் ஆயிரத்து இருநூறு வைக்கலாம் என்று எழுதித் தந்தார். விடுமுறைக் கடைசியில் அவசரமாகச் செய்துகொண்டு விமானம் ஏறுவதும் சரியில்லை என்றார். முதல் பத்து நாள் பொருக்கு உதிரும் காலம், அக்னி வெயிலும் வியர்வையும் வேறு. சீழ்ப்புண் வந்தால் டொரண்டோவில் அதைப் பொறுப்பேற்றுப் பார்ப்பவர் யார்? வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள் என்பது எனக்குப் போதுமான பதிலாக இல்லை.

அதனால் இப்போது அறுவை இல்லை. மாத்திரை தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு காலாண்டிலும் ஒரே விளக்கொளியில், ஈரமில்லாத தலையோடு, ஒரே கோணத்தில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சிகிச்சை செய்த இடத்தில் எத்தனை கிராஃப்ட், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பைக் கேட்டேன். பணம் கட்டிய ரசீதின் நகல்தான் வந்தது. முதல் முறை செய்துகொள்ளப் போகிறவர்கள் அந்தக் குறிப்பை அன்றே கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தில்லைநகர் மருத்துவர் வரைந்த தாளின் நகலை நான் பாஸ்போர்ட் உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு அதே லென்ஸில், அதே இடங்களை மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு, நெற்றிப் பட்டைக்குப் பின்னால் நடுவதா வேண்டாமா என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சமயபுரத்து வேண்டுதல் அதற்கு முன்பே நிறைவேறிவிடும்.