மணல்மேட்டில் கூடாரம் போட்டுத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

வின்னிபெக்கில் இருப்பவர்கள், கோடையில் மானிடோபா மாகாணத்து ஸ்ப்ரூஸ் வுட்ஸ் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஜூலையில் டொரொன்டோவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. "மானிடோபாவில் பாலைவனமா?" என்று அத்தானுக்கு ஒரே ஆச்சரியம். அவருக்குக் காட்டிவிடுவோம் என்று தேடியபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு இரவு, அந்தப் பூங்காவிலுள்ள ஸ்பிரிட் சாண்ட்ஸ் மணல்மேட்டின் மேலேயே கூடாரம், இயற்கை தெரிந்த வழிகாட்டி, அசினிபோயின் ஆற்றில் கனூ என்ற துடுப்புப் படகு, சாப்பாடு. ஏழு பேருக்கு 2,100 டாலர். முழுத்தொகையும் முன்கூட்டியே, அதுவும் இ-டிரான்ஸ்ஃபரில். கார்டு மெஷின் ரிப்பேராம்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பனியுகத்தின் கடைசியில் அகாசிஸ் என்ற பெரிய ஏரியில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் அது. உண்மையில் பாலைவனமே இல்லை, மழை பெய்கிற இடம். அதனால் புல்லும் மரமும் மணலை மூடிக்கொண்டே வருகின்றன. இன்று திறந்து கிடப்பது ஏறக்குறைய 4 சதுர கிலோமீட்டர்தான். அதன் மேல் எவனாவது கூடாரம் அடிக்க விடுவானா? பூங்காவில் அதற்கென்று ஒதுக்கிய இடங்களில்தான் தங்கலாம். இதெல்லாம் திரும்பி வந்த பிறகு படித்தது.

போய் இறங்கினால், மணல்மேட்டின் வாசனைகூட இல்லை. கிச்சி மானிடூ முகாமில் ஒரே ஒரு இடம் பதிவு செய்துவிட்டு அதை மூன்று குடும்பங்களுக்கு விற்றிருக்கிறார்கள். மூன்று கூடாரம், அதில் ஒன்றுக்கு ஜிப் இல்லை. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவு பூங்கா ஊழியர் வந்து, ஒரு இடத்தில் இத்தனை பேர் தங்கக்கூடாது என்றார். அத்தானும் நானும் காரில் படுத்தோம். மறுநாள் சாப்பாடு ஹாட்டாக். சைவம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்த அம்மாவுக்கு அதே பன், உள்ளே கெட்சப்.

வழிகாட்டி இருபது வயதுப் பையன். அவனும் அன்றுதான் முதல்முறை வருகிறான் போல, பாதை தொடங்கும் இடத்தில் இருந்த வரைபடப் பலகையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான். உச்சிவெயிலில் தண்ணீர் இல்லாமல் மரப்படிகளில் ஏற்றிவிட்டான். டெவில்ஸ் பஞ்ச் பவுல் பள்ளத்தின் பச்சைத் தண்ணீரைப் பார்த்து மகள் "இது எப்படி உண்டானது?" என்று கேட்டாள். "பழசு" என்றான். நிலத்தடி நீரோட்டம் மணலை அரித்ததால் மேலே இருந்த மண் இறங்கி உண்டான பள்ளம் அது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கும் கூலி வந்திருக்காது. ஆனால் திரும்பும்போது குறுக்குவழி என்று ஆற்றோரப் புதருக்குள் இழுத்துப் போனானே, அதை மன்னிக்க முடியவில்லை. அங்கே பாய்சன் ஐவி. மும்மூன்றாக இலை வைத்திருக்கும் செடி. இரண்டு நாள் கழித்து அக்கா மகனுக்குக் கால் முழுக்கக் கொப்புளம்.

கனூ? "ஆற்றில் தண்ணீர் இல்லை" என்றார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கனூ எங்களைத் தாண்டிப் போயின.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "மேனேஜர் வெளியூர்", அப்புறம் பதிலே இல்லை. ஒருமுறை டெபாசிட் ஆகிவிட்ட இ-டிரான்ஸ்ஃபரைத் திரும்ப எடுக்க முடியாது என்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வழக்காடவாவது வழி இருந்திருக்கும். மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆளுக்கு முகவரி கிடையாது, ஒரு ஃபோன் நம்பர்தான்.

இத்தனைக்கும் இந்தப் பயணத்துக்கு ஆளே தேவையில்லை. முகாம் இடத்தையும், கூடாரம் இல்லாதவர்கள் யர்ட் என்கிற வட்டமான கூடார வீட்டையும், மாகாணப் பூங்கா இணையதளத்தில் நேரடியாகவே பதிவு செய்யலாம். வண்டிக்கு அனுமதிச் சீட்டு இருந்தால் மணல்மேட்டுப் பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆகஸ்டில் நாங்களே மறுபடி போனோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், அம்மா கட்டித் தந்த புளிச்சோறு. காலை ஏழு மணிக்கே மேட்டில் ஏறிவிட்டோம், அருமையாக இருந்தது.

நேற்றுப் பார்த்தேன், அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. இப்போது கூடுதலாக மணல்மேட்டில் யோகாவும் உண்டாம்.