ஹெட்டே போயிருச்சுன்னாங்க, போனது ரப்பர்

எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் போர் தண்ணீர். சிறுவாணி குடித்துப் பழகிய கோயம்புத்தூர் நாக்குக்கு போர் தண்ணீர் ஆகவே ஆகாது. அது குளிக்கவும் துவைக்கவும்தான். அதற்காக 6 வருஷம் முன்பு மாட்டியது இந்த சாஃப்டனர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் மெஷின்.

போன மாதம் சோப்பு நுரைக்கவில்லை. உப்புத் தொட்டியில் உப்பு கரையாமல் கிடக்க, தண்ணீர் மட்டும் மேலே ஏறியிருந்தது. ரீஜெனரேஷன் (உப்புத் தண்ணீரை ஓட்டி மெஷின் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது) ஓடாத நேரத்திலும் வடிகால் குழாயில் சொட்டிக்கொண்டே இருந்தது. கடினத்தன்மை சோதிக்கும் கிட்டில் பார்த்தால் போர் தண்ணீர் 560 பிபிஎம், சாஃப்டனர் தாண்டி வந்தது 300. குடிநீருக்கே 200 வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. அப்புறம் இந்த மெஷின் எதற்கு?

விற்ற கம்பெனியிலிருந்து பத்து நாள் கழித்து ஒருவர் வந்தார். மூடியைக்கூடக் கழற்றாமல், "ஹெட்டே போயிருச்சுங்க, புதுசு 18,000 ஆகும்" என்றார். ஹெட் என்பது தண்ணீர் போகும் வழியை மாற்றிவிடும் வால்வு. நான் 31 வருஷம் பம்ப் கம்பெனியில் அசெம்பிளியில் இருந்தவன். பம்ப் ஒழுகினால் முதலில் சீலைத்தான், அதாவது ரப்பர் வளையத்தைத்தான் பார்ப்போம். சரிங்க என்று அவரை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன்.

தண்ணீர் மெஷினுக்குள் போகாதபடி பைபாஸைத் திருப்பி, ஹெட்டை ஒரு முறை பேக்வாஷ் (தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டிக் கழுவும்) நிலைக்குக் கொண்டுபோய் உள்ளே இருந்த பிரஷரை வெளியேற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினேன். பிரஷரை விடாமல் திறந்தால் பிஸ்டன் முகத்துக்கு வரும். மோட்டார் தட்டைக் கழற்றி, பின்னால் இருக்கும் பெரிய மூடியைத் திருகினால் பிஸ்டன் நேராக வெளியே வருகிறது. அதன் பின்னால் சீலும் ஸ்பேசரும் அடுக்கிய கார்ட்ரிட்ஜ், இரண்டு விரலால் இழுத்தாலே போதும். இதை வடிவமைத்தவனுக்கு ஒரு கும்பிடு. சில மாடல்களில் சீலும் ஸ்பேசரும் தனித்தனியாக வரும், வரிசை தப்பினால் தொலைந்தோம்.

பிஸ்டனை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் எதுவும் இல்லை. சீல்களில் இரண்டு மட்டும் உதடு கிழிந்திருந்தன. அந்த வழியாகத்தான் போர் தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலந்திருக்கிறது, வடிகாலுக்கும் கசிந்திருக்கிறது. உப்பு குறையாததற்குக் காரணம் வேறு. உப்புத் தண்ணீரை உறிஞ்சுவது இன்ஜெக்டர். அதன் ஓட்டை கடுகு அளவுகூட இருக்காது. முன்னால் இருக்கும் சல்லடையில் செம்மண் நிற வண்டல் அப்பியிருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மளிகைக் கடைக் கல்லுப்பைக் கொட்டியது நான்தான், யாரைக் குறை சொல்ல? வினிகரில் ஊறவைத்துப் பல் குச்சியால் சுத்தம் செய்தேன். ஊசியை விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும்.

காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடையில் கார்ட்ரிட்ஜ் 1,850 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதைக் கொண்டுபோனதால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் கொடுத்தார் கடைக்காரர். வாசலின் தடவப் போகிறேன் என்றதும் தடுத்து, சிலிகான் கிரீஸ் டப்பா ஒன்றையும் கையில் திணித்தார். பெட்ரோலியம் கலந்தது பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகுமாம். பம்ப் சீலில் பார்த்த விஷயம்தான், ஆனாலும் மறந்திருந்தேன்.

மாட்டிவிட்டு பைபாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கையாலேயே ஒரு ரீஜெனரேஷன் ஓட்டினேன். மறுநாள் கிட்டில் முதல் சொட்டுக்கே தண்ணீர் நீலமாகிவிட்டது, கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம்.

வால்வுக்கு நாலரை நட்சத்திரம். அரையைக் குறைத்தது, கூட வந்த புத்தகத்தில் பிஸ்டனைக் கழற்றும் படம் ஒன்றுகூட இல்லாததற்கு. கடைக்கு ஐந்து. வந்து பார்த்த சர்வீஸுக்கு ஒன்று, அதுவும் வரும் முன் போன் செய்தார்கள் என்பதற்காக. வடிகால் குழாய்க்கு அடியில் வைத்த டப்பா பதினொரு நாளாகக் காய்ந்தே கிடக்கிறது.